மண்ணெண்ணெய் வால்வு இருக்கட்டும்

கோப்பாய்
மாசி மாதம், ஞாயிறு காலை

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய பொதி வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. ஹெட் காஸ்கெற், பிஸ்ரன் றிங்குகள், பிரேக் சிலிண்டர் றப்பர்கள் எல்லாம் பழுதில்லாமல் இருக்கின்றன. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஐயாவின் காரிலிருந்து மண்ணெண்ணெய் வால்வைக் கழற்றச் சொல்லி இரண்டாம் பக்கத்தில் நீ எழுதியிருந்ததற்கு மறுமொழி சொல்லத்தான் இன்று விடியவே உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முதல் செய்தியைச் சொல்கிறேன். ஐயாவின் மொறிஸ் எயிற் கார் தை மாதக் கடைசியில் ஸ்ராட் ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்குப் பிறகு! ஹான்டிலை மூன்றாம் முறை சுற்றியபோது பிடித்தது. பக்கத்துத் தோட்டத்து நீர்ப்பம்பியின் சத்தத்தைவிட மெதுவான சத்தம். பழைய றிங்குகளோடுதான் ஓடியது என்பதால் புகை நிறைய வந்தது. அம்மா குசினியிலிருந்து வெளியே வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் நான்கு தேசிக்காய்களை எடுத்துவந்து என் கையில் தந்தார். அன்றைக்கு முற்றத்துக்குள் பத்தடிதான் உருட்டினேன். நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்துத்தான் உருட்டினேன்.

நான்கு சிலிண்டர் காருக்கு ஏன் எட்டு என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டிருந்தாய். அது நீ இருக்கும் இங்கிலாந்தின் வரிக் கணக்கு. அந்தக் காலத்தில் சிலிண்டரின் விட்டத்தை மட்டும் வைத்துக் குதிரைவலுவைக் கணித்து வரி போட்டார்கள். அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் தொகையால் பெருக்கி இரண்டரையால் வகுக்க வேண்டும். மொறிஸின் விட்டம் 57 மில்லிமீற்றர். கணக்கைப் போட்டுப் பார், எட்டுக்குச் சற்று மேலே வரும். விட்டத்துக்குத்தானே வரி? அதனால் சிலிண்டரை ஒடுக்கமாக வைத்து, பிஸ்ரனின் ஓட்டத்தை 90 மில்லிமீற்றராக நீட்டிவிட்டார்கள். 918 சீசீ எந்திரம் அப்படி வந்ததுதான். ஓட்டம் நீளம் என்பதால் வேகம் ஏறாது, ஆனால் மெல்லமாகப் போகும்போது இழுவை நன்றாக இருக்கும். நாங்கள் சின்ன வயதில் ஆறு பேர் ஏறிக்கொண்டு நல்லூர்த் தேருக்குப் போனபோதும் அது முனகவில்லையே, அதற்குக் காரணம் அந்த வரிதான்.

எந்திரத்தில் பெரிய வேலை பெயரிங் வேலை. இப்போதைய கார்களில் தேய்ந்த பெயரிங்கைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுவிடலாம். இந்தக் காருக்கு வெள்ளை உலோகத்தை உருக்கி, பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்ரிங் றொட்டிலேயே நேரே வார்த்திருக்கிறார்கள். வெள்ளீயம் பெரும்பங்கு, அந்திமனியும் செம்பும் கொஞ்சம். அதைத் திரும்ப வார்க்கத் தெரிந்தவர் ஒருவர் சுன்னாகத்துப் பக்கம் லேத் வைத்திருக்கிறார். எண்பதை நெருங்கும் வயது. நான்கு றொட்டுகளையும் கொண்டுபோனபோது, "ஆறுதலாகச் செய்வோம் தம்பி" என்று மட்டும் சொன்னார். நான் தினமும் பின்னேரத்தில் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

முதலில் றொட்டைச் சுடவைத்து உட்பக்கத்துக்கு ஈயம் பூசுகிறார். பூச்சு ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் வார்க்கும் உலோகம் அந்த இடத்தில் ஒட்டாது. பிறகு சட்டியில் உருகிக்கொண்டிருக்கும் உலோகத்துக்குள் ஒரு ஈர்க்கைத் தோய்த்து எடுத்துப் பார்க்கிறார். ஈர்க்கு மண்ணிறமானால் பதம் சரி. கருகிப் பற்றினால் சூடு கூடிவிட்டது. வார்க்கும்போது கை நிற்கக் கூடாது. இடையில் ஒரு கணம் நின்றாலும் உலோகம் இரண்டு படையாகிவிடும். ஆறிய பிறகு லேத்தில் கடைந்து, கிராங்கில் நீலம் பூசி, அதில் பொருத்திச் சுற்றி, நீலம் பட்ட மேடுகளை மட்டும் கையால் சுரண்டுகிறார். திரும்பப் பொருத்துகிறார், திரும்பச் சுரண்டுகிறார். மூன்றாம் றொட்டை வார்த்துக் கடைந்த பிறகு ஓரத்தில் ஊசிமுனை அளவு துளை ஒன்று தெரிந்தது. எனக்கு அது கண்ணில் படவேயில்லை. அவர் முழுவதையும் உருக்கி இறக்கிவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்கினார். அவரிடம் வேலை பழக ஆளில்லை. நான் எழுதி வைத்துக்கொள்கிறேன், கைத்தொலைபேசியில் படமும் பிடிக்கிறேன். ஆனால் அந்த ஈர்க்கின் நிறம் படத்தில் சரியாக விழுவதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொன்னால் சிரிக்காதே. மொறிஸ் எயிற்றில் நீர்ப்பம்பி கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேற்றருக்குப் போகும், குளிர்ந்தது கீழால் திரும்பி வரும். அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட வேறொன்றும் இல்லை. நம்முடைய கிணற்றுத் தண்ணீரோ சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடந்து வருவது. கேத்திலின் அடியில் எவ்வளவு படிகிறது என்று உனக்குத் தெரியும். அதே படிவு எந்திரத்துக்குள், நாலாம் சிலிண்டரைச் சுற்றி, விரற்கடைத் தடிப்புக்கு இறுகிப்போயிருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன். மிச்சத்துக்கு வினாகிரி ஊற்றி இரவு முழுவதும் விட்டு, காலையில் வடித்து, திரும்ப ஊற்றினேன். ஒன்பது தரம். இனிக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. கார்த்திகை மழையில் ஓட்டுக் கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வைத்திருக்கிறேன். காருக்கு மட்டும்.

துணிக்கூரைக் காருக்கு உடம்பின் உள்சட்டம் மரம் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கிலாந்தில் ஆஷ் மரத்தில் செய்தார்கள். நம்முடையதைக் கறையான் மாவாக்கியிருந்தது. தகட்டைத் தட்டியபோது தூளாகக் கொட்டியது. வண்டிச் சில்லுக்கு நம்மவர்கள் நம்புகிற பூவரசை நான் தேர்ந்தேன். வல்வெட்டித்துறையில் ஒரு தச்சர் வளைவுகளைச் செய்து தந்தார். அவருடைய முன்னோர் கப்பல் கட்டியவர்கள். கார் எந்த வருடம் என்று கேட்டார். 1938 என்றேன். "அந்த வருடம்தான் எங்கள் அன்னபூரணி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது" என்றார். எனக்கு மேல் சிலிர்த்தது. பாய்மரக் கப்பலொன்று வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, கடலெல்லாம் கடந்து, மசாசூசெற்ஸ் கரையை அடைந்த அதே வருடத்தில் ஒக்ஸ்போர்டின் கௌலியில் ஐயாவின் கார் பட்டறையை விட்டு வெளியே வந்திருக்கிறது.

இனி உன்னுடைய இரண்டாம் பக்கம். கெய்டன் அருங்காட்சியகத்தில் பார்த்த கார்களைப் போல இதையும் பட்டறையிலிருந்து வந்த நாளின் நிலைக்கு முழுதாகக் கொண்டுவர வேண்டும் என்கிறாய். பொனெற்றுக்குள் இருக்கும் தகரப் பெட்டியையும் வால்வையும் கழற்றிவிட்டுத் துளைகளை ஈயத்தால் அடைத்துப் பூசச் சொல்கிறாய். படத்தில் பார்த்தபோது உன் கண்ணை உறுத்தியது என்று எழுதியிருக்கிறாய்.

மச்சான், நீ 1984இல் போனாய். மலாயாப் பென்சன்காரர் ஒருவரிடம் ஐயா வாங்கிய கார், ஞாயிறுகளில் நாங்கள் மினுக்கிய கார், அதுதான் உன் மனதில் நிற்கிறது. அந்தப் பெட்டி வந்த காலத்தில் நீ இங்கே இல்லை.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றது, அதுவும் கிடைத்தால்தான். பற்றரியும் தடை. ஐயா ஒரு பால்மாத் தகரத்தை ஒட்டிப் பெட்டியாக்கி, எந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் உயரத்தில் பொருத்தினார். உயரத்தில் இருந்தால் மண்ணெண்ணெய் தானாக இறங்கும். மின்சாரத்தில் ஓடும் எஸ்.யூ. பெற்றோல் பம்பியை நிறுத்திவைக்கலாம். தீப்பொறி தரும் கொயிலுக்கு மட்டும் மின்சாரம் போதும் என்பதால் சிறிய மோட்டார் சைக்கிளின் 6 வோல்ற் பற்றரியே காரை ஓட்டியது. 12 வோல்ற் கார்கள் வைத்திருந்தவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. ஸ்ராட் பண்ண ஒரு சேலைன் குழாயால் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்கு விடுவார். எந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு வால்வைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வீட்டுக்கு வருவதற்கு அரைமைல் இருக்கும்போது திரும்பவும் பெற்றோல், மறுநாள் காலையில் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தேங்கிக் கிடக்கக் கூடாதே. இந்தப் பழைய எந்திரத்தில் அமுக்கம் ஆறு மடங்குக்கும் குறைவு என்பதால் மண்ணெண்ணெயைத் தாங்கியது. இன்றைய கார் எந்திரம் பத்து மடங்கைத் தாண்டும்; அதில் ஊற்றினால் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் போட்டே கெட்டுவிடும். ஆனாலும் எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். ஐயா இரண்டு கிழமைக்கொருமுறை ஒயில்கம்பை எடுத்து மணந்து பார்ப்பார்.

அந்த ஏற்பாட்டோடு கார் ஐந்து வருடம் ஓடியது. எங்கள் ஒழுங்கையில் பிறந்த பிள்ளைகளில் நான்கு பேரின் தாய்மாரை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அதுதான். ஒருத்தி இப்போது அங்கேயே தாதியாக இருக்கிறாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரால் இடம்பெயர்ந்து நாங்கள் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது வீதியில் கார் நகர இடமிருக்கவில்லை. சைக்கிளையே தள்ளிக்கொண்டுதான் போனோம். ஐயா கொட்டிலுக்குள் போய் வால்வை மூடிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது கொட்டில் விழுந்து கிடந்தது. சில்லுகளும் கூரைத்துணியும் இல்லை. வால்வு மூடியபடியே இருந்தது.

காரை முதல்நிலைக்குக் கொண்டுவா என்கிறாய். எந்த வருடத்து நிலைக்கு? 1938 கௌலியில் இருந்த ஒருவருடைய கைவேலை, 1990 ஐயாவினுடையது. இரண்டாவதைக் கழற்ற என் கை வராது. பெட்டியைத் துரு நீக்கி, ஐயா பூசிய அதே பச்சை நிறத்தில் பூசி, இருந்த இடத்திலேயே பூட்டிவிட்டேன்.

பிரேக்கில் மட்டும் உன் சொல்லை முழுதாக ஏற்கிறேன். தடைக்காலத்தில் பிரேக் ஒயில் கிடைக்காதபோது சிலர் எந்திர ஒயிலை ஊற்றினார்கள்; அது இயற்கை றப்பரை ஊதவைத்துச் சிலிண்டரை இறுக்கிவிடும். ஐயா ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிற் கலந்து ஊற்றினார். லொக்ஹீட் பிரேக்குக்கு ஆதியில் வந்த ஒயிலும் ஆமணக்கெண்ணெய்க் கலவைதான் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. ஆனால் பிரேக்கில் நினைவுச்சின்னம் வைத்திருக்க நான் ஆயத்தமில்லை. நீ அனுப்பிய றப்பர்களை வெள்ளிக்கிழமையே மாற்றிவிட்டேன், குழாய்களும் புதிது. ஹெட்டைக் கழற்றி றிங்குகளைப் போடுவது அடுத்த கிழமை.

நேற்றுப் பருத்தித்துறை வரை போனேன். நீர்வேலி, புத்தூர், அவரங்கால் வரை மற்ற வாகனங்களுக்கு இடம் விட்டு விட்டு, மூன்று கியரையும் மாற்றி மாற்றிப் போக வேண்டியிருந்தது. முதல் கியருக்கு இறங்கும்போது கிளச்சை இரண்டு தரம் மிதிக்காவிட்டால் பல் கடிக்கும். ஐயா முழங்காலில் தட்டிப் பழக்கியது கால் மறக்கவில்லை. வல்லை வெளிக்கு வந்ததும் முன்கண்ணாடியை மடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் தண்ணீர், மணிக்கு 50 கிலோமீற்றர். கடலேரிக் காற்று நேரே முகத்தில் அடித்தது. அதற்கு மேல் வேகம் வேண்டியிருக்கவில்லை. நெல்லியடிச் சந்தியில் வலப்பக்கம் திரும்ப, காரின் பக்கத்திலிருந்து எழும் கைகாட்டிக்கு ஆளியைத் தட்டினேன். இடப்பக்கக் கை எழும், வலப்பக்கக் கை எழவில்லை. என் கையை வெளியே நீட்டிக் காட்டினேன். பின்னால் வந்த ஓட்டோக்காரத் தம்பி என் கையசைவைப் புரிந்துகொள்ளாமல் முட்டப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, பத்து நிமிடம் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பொனெற்றைத் திறந்து காட்டச் சொன்னான். திறந்தேன். எதை முதலில் கேட்டான் தெரியுமா? பச்சைப் பெட்டியைத்தான். தன் தகப்பனும் மோட்டார் சைக்கிளை அப்படித்தான் ஓட்டினாராம்.

சித்திரையில் வருவதாக எழுதியிருக்கிறாய், நாள் நிச்சயமானதும் அறிவி. பலாலிக்கு வந்தாலும் சரி, கொழும்பிலிருந்து ரயிலில் வந்தாலும் சரி, இந்தக் காரில்தான் ஏற்ற வருவேன். வரும்போது வலப்பக்கக் கைகாட்டிக்கு 6 வோல்ற் கொயில் ஒன்றும், 4.50க்கு 17 அளவில் ரியூப் இரண்டும் கொண்டுவா. இன்னொன்று: ஐயாவின் வால்வு சற்றுக் கசிகிறது. உள்ளே இருப்பது தக்கை. பழைய மோட்டார் சைக்கிள் சாமான் விற்பவர்களிடம் அந்த அளவுத் தக்கை கிடைக்கும். விட்டத்தை அளந்து, காகிதத்தில் வட்டமாக வெட்டி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். தேடிப் பார்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்