ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே இருப்பவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள்

கொழும்பு வைத்தியசாலைகளின் பணிப்பாளர்களுக்கும் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஒருவருக்குச் சத்திரசிகிச்சை நடக்கும்போது வெளியே காத்திருக்கும் உறவினருக்கு, உள்ளே விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மூன்று தடவை சொல்லி அனுப்புங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம்.

முதலில் நன்றி சொல்லவேண்டும். பெரிய சத்திரசிகிச்சையைக்கூட அரச ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் செய்யும் நாடு இது. 1864இல் தொடங்கிய தேசிய வைத்தியசாலையில் இன்று 3000க்கும் அதிகமான கட்டில்கள். பிள்ளைகளுக்கு லேடி றிஜ்வே, புற்றுநோய்க்கு மகரகம அபேக்ஷா. தங்கள் ஊரில் முடியாதென்று துண்டு எழுதிக் கொடுத்தால் ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சனம் கொழும்புக்குத்தான் வருகிறது. நோயாளியோடு கூட வருவது பெரும்பாலும் ஒரே ஓர் ஆள். ஊரில் இருக்கும் மற்ற எல்லோரும் அந்த ஒருவரின் போனை நம்பித்தான் இருக்கிறார்கள்.

என் அம்மாவுக்கு ஒப்பரேஷன் நடந்த அன்று நானும் அப்பாவும் அப்படிக் காத்திருந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அங்கு அம்மாவை நன்றாகத்தான் பார்த்தார்கள், இந்தக் குறையும் ஓர் இடத்துக்கு மட்டும் உரியதில்லை. காலையில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போகும் முன் தாலிக்கொடியையும் காப்பையும் கழற்றச் சொன்னார்கள். கட்டுப்பல்லையும் எடுத்துத் தந்தார்கள். அப்பா எல்லாவற்றையும் கைலேஞ்சியில் சுற்றி சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்தபடியே இருந்தார். “ஒன்றரை மணித்தியாலம் போகும்” என்று டொக்டர் முதல்நாள் சொல்லியிருந்தார். ஒன்றரை மணித்தியாலம் போனது. இரண்டும் போனது, மூன்றும் போனது. கதவு திறக்கும்போதெல்லாம் வாங்கில் இருந்த எல்லோரும் எழும்பினோம். வெளியே வந்த தாதியின் முகத்தைப் பார்த்து, அவர் வேகமாக நடக்கிறாரா மெதுவாக நடக்கிறாரா என்று பார்த்து, எல்லாவற்றுக்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்தோம். அவர் வேறொரு வேலையாகப் போயிருப்பார், பாவம்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். காலையில் குளிசை போட்டவர், அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. கீழே கண்டீனில் பணிஸும் தேத்தண்ணியும் இருந்தது. “ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாங்கோ அப்பா, நான் இருக்கிறேன்தானே” என்றேன். “நான் போற நேரம் பார்த்துக் கூப்பிடுவாங்கள்” என்று அசைய மறுத்துவிட்டார். பின்னேரம் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் தன் பையிலிருந்து டொபி எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவும் காலையிலிருந்து அங்கேயே இருந்தவர்தான். அவருடைய மகன் உள்ளே.

உள்ளே ஒரு தவறும் நடந்திருக்கவில்லை என்று பிறகு வார்ட்டில் ஒரு தாதி சொல்லித்தான் தெரியும். டொக்டர் சொன்ன ஒன்றரை மணித்தியாலம் சத்திரசிகிச்சைக்கு மட்டும் உரிய நேரம். முந்திய நோயாளியின் ஒப்பரேஷன் இழுபட்டிருக்கலாம், அவசர கேஸ் ஒன்று நடுவில் வந்திருக்கலாம். மயக்க மருந்து கொடுத்து, ஆளைச் சரியாகக் கிடத்தி, உடம்பைத் துடைத்துத் தயார்செய்ய ஒரு நேரம் போகும். முடிந்த பிறகும் மயக்கம் தெளிந்து, மூச்சும் பிரஷரும் சீராகும் வரை ரிக்கவரி அறையில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த விளக்கத்தைக் காலையிலேயே யாராவது சொல்லியிருந்தால் அப்பா சாப்பிடப் போயிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. அதன்படி குழுவினர் மூன்று இடங்களில் நின்று சரிபார்க்கவேண்டும். மயக்க மருந்துக்கு முன் ஒருமுறை: ஆள் சரியா, இடம் சரியா, ஒவ்வாமை இருக்கிறதா என்று. கத்தி வைக்கும் முன் ஒருமுறை. நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன், ஊசி, பஞ்சு, கருவி எல்லாம் எண்ணிக்கையில் சரியா என்று ஒருமுறை. எப்படியும் நிற்கும் அந்த மூன்று இடங்களிலும் வெளியே ஒரு தகவல் வரட்டும். “மயக்கம் கொடுக்கப் போகிறோம்.” “ஆரம்பித்துவிட்டோம்.” “முடிந்தது, ரிக்கவரிக்குப் போகிறார்.” நோய் விவரம் எதுவும் வேண்டாம், அதை டொக்டரே பிறகு சொல்லட்டும். தாமதம் என்றால் தாமதம் என்றும் சொல்லுங்கள். காத்திருக்க நாங்கள் தயார். எதுவும் தெரியாமல் காத்திருப்பதுதான் ஆளை வாட்டுகிறது.

காலையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, அதே இலக்கத்தைக் கூட வந்தவரிடமும் எழுதிக் கொடுத்தால் பெயர் வெளியே தெரியாது. சுவரில் ஒரு திரையில் இலக்கமும் கட்டமும் வரலாம். திரை இல்லையா, வெள்ளைப் பலகையும் பேனாவும் போதும். போனுக்குக் குறுஞ்செய்தி வந்தால் இன்னும் நல்லது, கண்டீனில் இருந்தாலும் தெரியும், ஹட்டனில் இருக்கும் மகளுக்கும் உடனே அனுப்பலாம். 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், இருப்பவர்கள் இரண்டு ஆள் வேலை பார்க்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் இந்த வேலையை வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்கவில்லை. உள்ளிருந்து சொல்வதைக் கேட்டுப் பலகையில் எழுத ஓர் உத்தியோகத்தர் போதும். கதவடியில் நிற்கும் காவலாளியிடம் ஒரே கேள்வியை நாள் முழுக்க எல்லோரும் கேட்பதும், அவர் எரிச்சல் படுவதும் அதோடு குறையும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். அன்று அறிவித்தல் எல்லாம் சிங்களத்தில்தான் வந்தது. எனக்கு விளங்கும். தோட்டத்திலிருந்து மகனோடு வந்திருந்த ஒரு ஆச்சிக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு அறிவித்தலுக்கும் எங்களைத் திரும்பிப் பார்த்து, “என் புள்ள பேரா சொன்னாங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் எழும்பிப் போன பிறகு அவர் யாரைக் கேட்டிருப்பார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. பெயர்ப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, அதற்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த ஆச்சிக்குத் தேவைப்பட்டது வாயால் சொல்லும் தமிழ். நான் கேட்கும் தகவல் மூன்றே மூன்று வசனம். மூன்று மொழியிலும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம், பதிவு செய்தும் வைக்கலாம்.

கதிரை, குடிதண்ணீர், போன் சார்ஜ் பண்ண ஓர் இடம், கிட்டவே சுத்தமான கழிவறை, இவற்றையும் முடிந்தபோது பாருங்கள். இவற்றைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கெட்ட செய்தி சொல்லவேண்டி வந்தால் நடைபாதையில் வைத்துச் சொல்லாதீர்கள். அன்று ஒரு குடும்பத்துக்கு அப்படிச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் அழ இடமில்லாமல் படிக்கட்டில் போய் இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு சாத்தக்கூடிய சின்ன அறை, இரண்டு கதிரை, அவர்கள் மொழி பேசும் ஓர் ஆள். இவ்வளவும் இருந்தால் போதும்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரேயடியாகச் செய்யச் சொல்லவில்லை. ஒரு தியேட்டரில், முன்கூட்டியே திகதி கொடுத்துச் செய்யும் சத்திரசிகிச்சைகளுக்கு மட்டும், ஒரு மாதம் செய்து பாருங்கள். சரிவந்தால் மற்ற தியேட்டர்களுக்கும் கொண்டுபோங்கள். தமிழ் வசனங்களை எழுதித் தரவும், பலகையடியில் நின்று தமிழில் சொல்லவும் ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். என்னைப்போல் வரக்கூடியவர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே வந்து யாரைச் சந்திக்கவேண்டும் என்று மட்டும் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாங்கில் காத்திருந்த ஒரு மகள்
கொட்டாஞ்சேனை, கொழும்பு