எல்பிரஸ் எந்தக் கண்டத்தில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான வினாடி வினாவில், ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம் எது என்ற கேள்விக்கு எல்பிரஸ் என்ற ஒரே விடை தரப்பட்டிருந்தது. அது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் எந்த எல்லைக்கோட்டின்படி அந்த விடை சரியாகிறது என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் என் குறை.

5,642 மீட்டர் உயரமுள்ள எல்பிரஸ், காக்கசஸ் மலைத்தொடரின் பிரதான முகட்டுக்குச் சற்று வடக்கே, ரஷ்யாவுக்குள் இருக்கிறது. அந்த முகட்டின் மீதே எல்லைக்கோட்டை வரைந்தால் சிகரம் ஐரோப்பாவில் அடங்கிவிடும். ஆனால் அசோவ் கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையில், காக்கசஸுக்கு வடக்கே கிடக்கும் கூமா-மானிச் தாழ்நிலத்தை எல்லையாகக் கொள்ளும் புவியியலாளர்களும் உண்டு. அவர்கள் கணக்கில் எல்பிரஸ் ஆசியாவுக்குப் போய்விட, ஆல்ப்ஸ் மலைத்தொடரில் சுமார் 4,800 மீட்டர் உயரமுள்ள மோன் பிளாங்க் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

இந்த எல்லை பலமுறை இடம் மாறியது. பண்டைய கிரேக்கர்களில் சிலர் இன்றைய ஜார்ஜியாவில் பாயும் ரியோனி ஆற்றையும் வேறு சிலர் டான் ஆற்றையும் எல்லையாகக் கருதினர். ஒரே நிலத்துக்கு எதற்காக ஐரோப்பா, ஆசியா, லிபியா (அன்று ஆப்பிரிக்காவின் பெயர்) என மூன்று பெயர்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அப்போதே கேட்டுவிட்டார். பாடநூல்கள் இயற்கையான எல்லை என்று சொல்லும் யூரல் மலைத்தொடரோ மிகவும் பிந்தி வந்தது. 1709-இல் பொல்தாவா போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டு, சைபீரியாவில் பல ஆண்டுகள் கைதியாக இருந்த ஸ்ட்ராலன்பெர்க் என்ற சுவீடன் படை அதிகாரி, 1730-இல் வெளியிட்ட நூலில் அதை முன்வைத்தார். யோசனை தன்னுடையது என்று ரஷ்ய அறிஞர் தத்தீஷெவ் உரிமை கொண்டாடியது தனிக்கதை. மலைக்குத் தெற்கே யூரல் ஆறுதான் எல்லை என்பது பரவலான வழக்கம். கஜகஸ்தானின் அதிராவ் நகரில் அந்த ஆற்றுப் பாலத்தின் ஒரு பக்கம் ‘ஐரோப்பா’ என்றும் மறுபக்கம் ‘ஆசியா’ என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கரையில் வேலை பார்ப்பவர் காலையில் ஒரு கண்டத்துக்குப் போய் மாலையில் இன்னொன்றுக்குத் திரும்புகிறார்.

கண்டம் என்றாலே துண்டு என்றுதான் பொருள். ஐரோப்பாவோ ஆசியாவிலிருந்து எங்கும் துண்டுபடவில்லை. புவித்தட்டுகளை அளவுகோலாக வைத்தாலும் கணக்கு நேர்ப்படாது: வட அமெரிக்கத் தட்டு சைபீரியாவின் வடகிழக்கு மூலை வரை நீள்கிறது, அரேபியா தனித் தட்டில் இருந்தும் கண்டமாக எண்ணப்படுவதில்லை. 2017-இல் புவியியல் அறிஞர்கள் சிலர் சீலாந்தியாவையும் கண்டமாக ஏற்க வேண்டும் என்று வாதிட்டனர். ஏறத்தாழ 49 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதில் 94 சதவீதம் கடலுக்கடியில் இருக்கிறது. வெளியே தெரிவது பெரும்பாலும் நியூசிலாந்துதான். லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளில் இரண்டு அமெரிக்காக்களையும் ஒரே கண்டமாகவே கற்பிப்பது வழக்கம் என்பதால், ஏழு என்ற எண்ணிக்கையும் எல்லோருக்கும் பொதுவானதன்று.

மாணவர்களைக் குழப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த முறை ‘காக்கசஸ் முகட்டை எல்லையாகக் கொண்டால்’ என்ற நான்கு சொற்களைக் கேள்வியிலேயே சேர்த்துவிட்டால், மோன் பிளாங்க் என்று எழுதும் மாணவருக்குத் தன் விடை ஏன் ஏற்கப்படவில்லை என்பதாவது தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்