ஊரைத்தான் கேட்டேன்

திருகோணமலை,
வெள்ளி இரவு.

அன்புள்ள தம்பிக்கு,

வாட்சப்பில் நான் அனுப்புகிற எல்லாவற்றுக்கும் இரண்டு நீலச் சரி விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். பொங்கல் கழிந்து ஏழு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கடிதத்துக்கு நீலச் சரி கிடையாது. நீ வாசித்துவிட்டாயா என்று பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்க்கவும் முடியாது. அதுவும் நல்லதுதான்.

ரொறன்ரோவில் இன்னும் பனி விடவில்லை என்று அக்கா சொன்னாள். கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உனக்குச் சின்னதிலிருந்தே நெஞ்சில் சளி கட்டும். தொப்பி போட்டால் தலைமயிர் கலையும் என்று பார்க்காதே.

இங்கே புதினம் ஒன்றும் இல்லை. நீ காசு அனுப்பிக் கட்டின மதிலுக்கு மேலால் எட்டி மான் செவ்வரத்தம்பூவைத் தின்றுவிட்டுப் போகிறது. முன்பு கோட்டைக்குள் நின்றவை, இப்போது பஸ் ஸ்டாண்ட் வரை உலாத்துகின்றன. மகன் கட்டின மதில் என்று ரோட்டால் போகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். மதில் கட்டின மகனுக்கு ஒரு ஃபோன் கோல் எடுக்க வரவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

இன்று வெள்ளி என்பதால் கோணேசரிடம் போனேன். முழங்கால் வலிதான், நின்று நின்று ஏறினேன். பூசை முடிந்து இராவணன் வெட்டுப் பக்கம் கொஞ்சநேரம் நின்றேன். நீ கீழே எட்டிப் பார்த்துவிட்டு என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாயே, அதே இடம். கம்பருக்கு அவன் அரக்கன். எங்களுக்கு அவன் தாய்க்காக இந்த மலையையே பெயர்க்கப் பார்த்தவன். அந்தத் தாய் போனபிறகு அந்தியேட்டிக் கிரியைக்காகத்தான் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறும் வந்தன என்று கதை. அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்குக் கன்னியாவில் மாமாதான் முழுகினார். உனக்கு அப்போது பேப்பர் கிடைக்கவில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு நீ ஏழு கிணறு தோண்ட வேண்டாம், ராசா. ஞாயிற்றுக்கிழமை ஃபோனை எடு.

சரி, எழுத வந்தது அது இல்லை.

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் வாயில் வந்தது. எட்டாவது பாட்டில் நின்றுவிட்டேன். சம்பந்தர் பதிகத்தில் எட்டாவது பாட்டு பெரும்பாலும் இராவணனுக்கு. முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. கயிலையைத் தூக்கினான், சிவன் விரலால் அழுத்தினார், நசுங்கிக்கொண்டே பாடினான், வாளும் வாழ்நாளும் கொடுத்து அனுப்பினார். ஆணவத்தோடு வந்து சாமி இருந்த மலையையே ஆட்டினவனுக்குப் பதிகத்துக்குப் பதிகம் ஓர் இடம் இருக்கிறது. ஒரு பிழையும் செய்யாத நந்தனாரை மட்டும் நெருப்பில் இறங்கி வரச் சொன்னார்.

எட்டாம் வகுப்பில் நீ கேட்டாய். திருப்புன்கூரில் நந்தியை விலகச் சொன்ன சிவன் சிதம்பரத்தில் மனிசரை ஏன் விலகச் சொல்லவில்லை என்று. "சோதனையில் இதை எழுதாதே, மார்க் குறையும்" என்றேன். அப்பா சிரித்தார். அவருக்கு நீ எதைக் கேட்டாலும் கெட்டித்தனம்தான். பதில் தெரியாது என்று சொல்ல டீச்சர்மாருக்கு வராது.

கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் நந்தனார் என்று சேக்கிழார் எழுதுகிறார். தோல் உள்ளே போகிறது, நரம்பு உள்ளே போகிறது, கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். இந்த இடத்தை நான் வகுப்பில் சொன்னால் பின்வாங்குப் பெடியன்களும் கதைப்பதை நிறுத்துவார்கள். அவ்வளவு நன்றாகச் சொல்வேன். கோபாலகிருஷ்ண பாரதியார் தன் கீர்த்தனையில் ஒரு வேதியரைக் கொண்டுவந்து நந்தனாரைத் தடுக்க வைத்தார். பெரியபுராணத்தில் அந்த வேதியர் இல்லை. அங்கே யாரும் மறிக்கவில்லை, நந்தனார் தானாகவே எல்லையில் நின்றுவிடுகிறார். எனக்கு அதுதான் கூடப் பயங்கரமாகத் தெரிகிறது.

இனி எழுதுவதை அப்பாவுக்கும் நான் சொன்னதில்லை.

1979, புரட்டாசி ரோகிணி, நந்தனார் குருபூசை. எனக்கு வேலை கிடைத்து இரண்டாவது வருடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக் கோயில் மண்டபத்தில் நாடகம் போட்டோம். என் வகுப்பில் ஒரு பெடியன் இருந்தான், பதின்மூன்று வயது. அவனுடைய அம்மா எங்கள் வீட்டுப் பின்படியால் வந்து உடுப்பு எடுத்துப் போகிறவ. நந்தி வழியை மறைக்கிறதே என்று நந்தனார் உருகுகிற பாட்டை அவன் பாடினால், பக்கத்து வகுப்பு டீச்சர் சோக்கட்டியை வைத்துவிட்டு வந்து வாசலில் நிற்பா. அவன்தான் நந்தனார் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். ஒத்திகை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவனே நந்தனாராய் வந்தால் அது நாடகமாக இருக்காது, பிள்ளை" என்றார்.

நாட்டில் 1957இலேயே இதற்கெல்லாம் எதிராகச் சட்டம் வந்துவிட்டது. 1968இல் மாவிட்டபுரத்தில் உள்ளே விடச் சொல்லிக் கோயில் வாசலில் சனம் நின்று போராடியது. அது யாழ்ப்பாணத்தாரின் வில்லங்கம், நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்று உன் அம்மம்மா பெருமையாகச் சொல்லுவா. நான் அந்தப் பெரியவரிடம் "ஓம்" என்றேன். அவர் இரண்டாம் தரம் சொல்லவேண்டி வரவில்லை.

மேடையில் வேறொரு பெடியன் வாயசைத்தான். குரல் இவனுடையது. மண்டபத்துக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே நின்று பாடினான். மைக்கை நான்தான் கம்பிக்குள்ளால் நீட்டிப் பிடித்தேன். தூறல் விழுந்தது. தலையில் போட்டிருந்த துவாயை எடுத்து, மைக் நனையக்கூடாது என்று மைக்கைச் சுற்றிக் கட்டினான். நான் சொல்லிச் செய்யவில்லை, அவனாகச் செய்தான். உள்ளே சனம் கண்ணைத் துடைத்தது. முடிந்ததும் ஒரு சுருள் கடலையை அதே கம்பிக்குள்ளால் கொடுத்தேன். "நல்லாப் பாடினனானா, டீச்சர்?" என்று கேட்டான்.

அடுத்த தவணை அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. ஏன் என்று நான் போய்க் கேட்கவில்லை. வீடு தெரியும். பத்து நிமிட நடை.

அதற்குப் பிறகும் முப்பது வருடம் நந்தனாரைப் படிப்பித்தேன். தோல் உள்ளே போகிறது, நரம்பு உள்ளே போகிறது என்று.

பொங்கலன்று அந்தப் பிள்ளையை நீ ஃபோனில் காட்டினாய். நல்ல சிரிப்பு. எந்த ஊர், பிள்ளை என்றேன். கனடாவில்தான் பிறந்தது என்றா. அம்மா அப்பா என்றேன். வடமராட்சி என்றா. வடமராட்சியில் எந்தப் பக்கம் என்றேன். அந்த இடத்தில்தான் சிரிப்பு நின்றது, நான் கண்டேன். கண்டும் எந்தக் கோயிலடி என்று கேட்டேன். பிறகு எனக்கு உன் வீட்டுச் சீலிங் மட்டும் தெரிந்தது.

ஊரைத்தான் கேட்டேன், தாய் ஊர் கேட்கக்கூடாதா என்று அக்காவிடம் நூறு தரம் சொல்லிவிட்டேன். கேட்பதுதானே முறை என்று மாமாவும் சொல்கிறார். அரங்கில் கிருபர் கர்ணனிடம் குலம் கேட்டபோது பெற்றவள் வாயைத் திறக்கவில்லையே என்று குந்தியை வகுப்பில் எவ்வளவு திட்டியிருப்பேன். குந்தி பேசாமல் இருந்தவள். நான் கிருபராக நின்று கேட்டவள்.

நீ விளங்கிக்கொண்டது சரி, தம்பி. நான் கேட்டது ஊரை இல்லை.

மாறிவிட்டேன் என்று எழுதினால் பொய். எனக்கு எழுபத்திரண்டு வயது. மாமா என்ன சொல்வார், கோயிலில் யார் என்ன கேட்பார்கள் என்று இப்போதும் ராத்திரியில் முழித்துக்கொண்டு கிடக்கிறேன். அதை யோசித்து முடிய அந்தத் துவாய் ஞாபகம் வருகிறது.

அக்காவின் சிநேகிதி சித்திரைக்குப் பிறகு அங்கே வருகிறா. அவவிடம் தூள் கொடுத்துவிடுகிறேன். இரண்டு பையாகக் கட்டியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டினது உனக்கு. மற்றதில் செத்தல் மிளகாயைக் குறைத்து வறுத்தேன். அந்தப் பிள்ளை எவ்வளவு உறைப்புச் சாப்பிடுவா என்று தெரியாது. அன்றைக்கு அதைக் கேட்டிருக்கலாம்.

கழுத்தை மூடிக்கொண்டு போ.

அம்மா