எத்தனை கிலோ இழுக்கும் என்று கேட்டேன், டிராக்டர் வாங்கச் சொன்னார்கள்

காரைக்குடி,
14.06.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைமை அதிகாரி அவர்கள்

பொருள்: ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டிக்குக் கிளட்ச் வாரண்டி மறுத்தது குறித்தும், எட்டு மாதமாகப் பதில் வராத ஒரு கேள்வி குறித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதுவது இது ஐந்தாவது தடவை. முதல் நாலும் ஈமெயில். என் மகள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். நாலுக்கும் ஒரே பதில்தான் வந்தது: எங்கள் கருத்து உங்களுக்கு மிக முக்கியமாம், 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வீர்களாம். அந்த 48 மணி நேரம் நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்குகிறவராவது ஒருவர் இருப்பார் அல்லவா?

எந்த மாடல், எந்த இன்ஜின் என்றெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் செய்த வண்டி. சேஸிஸ் நம்பரைத் தட்டினால் அதன் ஜாதகமே உங்கள் கம்ப்யூட்டரில் வரும்.

என் தொழில் ரேடியோ செட், பந்தல் லைட், ஜெனரேட்டர் வாடகை. அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. 15 கேவிஏ ஜெனரேட்டரை இரண்டு சக்கர டிராலியில் ஏற்றி, 1997 மாடல் கமாண்டர் ஜீப்பில் மாட்டி, கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் போய் வந்தோம். டிராலிக்குத் தனியாக ஆர்.சி. உண்டு. வீட்டில் ஏழு பேர். ஜீப்பில் குடும்பத்தோடு வெளியூர் போனால் இறங்கும்போது என் அம்மாவுக்கு இடுப்பு நிமிராது. குடும்பத்துக்கும் ஆகணும், டிராலியையும் இழுக்கணும், ஒரே வண்டியாக வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தது சென்ற வருஷம் ஆடியில்.

கண்ணை மூடிக்கொண்டு உங்களிடம் வரவில்லை ஐயா. ஸ்கார்பியோ-என் ஓட்டிப் பார்த்தோம். இன்னோவா கிரிஸ்டா பார்த்தோம், அம்மாவுக்கு அதுதான் பிடித்தது, ஏறி இறங்கச் சுலபம். ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை), அதே இன்ஜின் மேனுவல் கியரில் 420 என்று என் மருமகன் படித்துச் சொன்னான். விலையைக் கேட்டுவிட்டு மோர் குடித்துக் கிளம்பினோம். பாரம் இழுக்கிறவனுக்கு டாப் ஸ்பீடு தேவையில்லை. குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் வேண்டும், லேடர் ஃப்ரேம் என்கிற ஏணி மாதிரி அடிச்சட்டம் வேண்டும், பின்சக்கரம் தள்ள வேண்டும். பின்னால் பாரம் உட்காரும்போது முன்சக்கரம் பிடி விடும் என்பதை வண்டி மாடு ஓட்டியவனே சொல்வான். முன்பாரம், பின்பாரம் என்று நாங்கள் பேசுவதைத்தான் நீங்கள் இங்கிலீஷில் வேறு பெயரில் வைத்திருக்கிறீர்கள். இதெல்லாம் உங்கள் வண்டியில் இருந்ததால் உங்களிடம் வந்தோம்.

ஷோரூமில் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இந்த வண்டி எத்தனை கிலோ டிராலியை இழுக்கலாம்?

வெறுங்கையோடு கேட்கவில்லை. டிராலியை எடை மேடையில் ஏற்றி, டீசல் நிரப்பி, கேபிள் டிரம்மும் வைத்து, 1,180 கிலோ என்று ரசீது வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் சேல்ஸ் தம்பி அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஒன்றரை டன் அசால்ட்டா இழுக்கும், பின்னாடி மாட்டியிருக்கிறதே தெரியாது” என்றார். எழுதித் தாருங்கள் என்றேன். “புக்லெட்ல இருக்குண்ணே, டெலிவரி அன்னைக்குத் தருவோம்” என்றார். எடை மேடை ரசீதை அவர்தான் ஃபைலில் கிளிப் போட்டு வைத்தார். பாக்கெட்டிலிருந்து எடுத்ததால் நடுவில் மடிப்பும் எண்ணெய்க் கறையும் இருந்தது, இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ரசீது இப்போது ஃபைலில் இல்லையாம். நல்ல வேளை, போட்டோ என்னிடம் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் டெலிவரி. ஆன்ரோடு 22 லட்சத்து 40 ஆயிரம். அன்றைக்கே உங்கள் அக்சஸரீஸ் கவுண்டரில் டோ ஹிட்ச், அதாவது டிராலி மாட்டும் கொக்கி, மாட்டிக் கொடுத்தார்கள். 18,500 ரூபாய், ஜிஎஸ்டி போட்ட பில். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு எங்கள் தெருக்காரர்கள் வருஷா வருஷம் வழியில் அன்னதானப் பந்தல் போடுவார்கள். ஜெனரேட்டர் என் உபயம். வாடகை கிடையாது. இந்த வருஷம் பூசம் பிப்ரவரி 11. ஏழாம் தேதி இரவு, சிங்கம்புணரி தாண்டி நத்தம் போகிற வழியில், ரோடு நிறைய பாதயாத்திரைக் கூட்டம். வண்டியில் நானும் என் மகனும் மட்டும், பின்னால் டிராலி. சின்ன ஏற்றம். முதலில் வாசனை வந்தது. பிரேக் வாசனை இல்லை, சட்டி அடிப்பிடித்த மாதிரி, தொண்டையைக் கமறும் வாசனை. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஓடியிருந்தது மொத்தமே 6,840 கிலோமீட்டர். காவடி எடுத்துப் போனவர்கள் இறக்கி வைத்துவிட்டு எங்கள் வண்டியை ஓரம் தள்ளினார்கள். பந்தலில் அன்று இரவு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் சோறு போட்டோம்.

டிராக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அதை எழுதாமல் எனக்கு மேலே ஓடாது.

மதுரை சர்வீஸ் சென்டரில் உங்கள் அட்வைசர் ஒருவர். பெயர் எனக்குத் தெரியும், எழுதவில்லை, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். ஜாப் கார்டில் கிளட்ச் 48,600 என்று எழுதி நீட்டினார். வாரண்டி என்றேன். டிராலி இழுத்தால் வாரண்டி கிடையாது என்றார். எங்கே எழுதியிருக்கிறது, எத்தனை கிலோவுக்கு மேல் கிடையாது என்று கேட்டேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், “இழுக்கிறதுக்கு வேணும்னா டிராக்டர் வாங்கியிருக்கலாமே சார்” என்றார். பக்கத்தில் என் மகன் நிற்கிறான். டீ கொண்டுவந்த பையன் சிரித்தான். ஐம்பத்து மூன்று வயதில் 22 லட்சம் கொடுத்து இந்தப் பேச்சைக் காசுக்கு வாங்கியிருக்கிறேன். டிராக்டர் ஒன்றும் கேவலமில்லை ஐயா, அதன் புத்தகத்தில் எத்தனை டன் என்று எழுதியிருக்கும்.

உங்கள் புத்தகத்தை முழுதும் படித்தேன். சீட்டை மடக்குவதற்குப் படம், ஏழு கலரில் உள்விளக்கு மாற்றப் பக்கம் பக்கமாக விளக்கம். இழுவைக்கு அரைப் பக்கம். அதிலும் நின்றுபோன வண்டியை எப்படிக் கட்டி இழுத்துப் போவது என்றுதான் இருக்கிறது, அதாவது இந்த வண்டியை இன்னொன்று இழுப்பதற்கு. அது எங்களுக்கு நத்தம் ரோட்டில் உபயோகப்பட்டது, நன்றி.

ஆர்.சி.யில் இருக்கிற இரண்டு எடையையும் கழித்துப் பார்த்தேன். வெறும் வண்டி எடைக்கும் மொத்த எடைக்கும் வித்தியாசம் 560 கிலோ. டிராலியின் எடையில் பத்தில் ஒரு பங்கு போலக் கொக்கியில் உட்காரும், 118 கிலோ என்று வையுங்கள். ஹிட்ச் ஒரு 30 கிலோ. மீதி 412 கிலோவில் ஏழு பேரை உட்கார வைத்தால் ஆளுக்கு 58 கிலோ. மூட்டை முடிச்சுக்கு இடமில்லை. இந்தக் கணக்கை எடை மேடை ரசீதைப் பார்த்ததும் உங்கள் ஆள் போட்டுச் சொல்லியிருந்தால், ஏழு பேரும் டிராலியும் சேர்ந்து போகக்கூடாது என்று அன்றே தெரிந்திருக்கும். ஒருவேளை வாங்காமலேயே போயிருப்பேன். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ. ஜெனரேட்டர் வாடகைக்காரன் எட்டாங்கிளாஸ் கணக்கில் போட்டது, உங்கள் இன்ஜினியர்களுக்கு வராதா?

கோபத்தில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கால் சென்டரில் பேசிய ஒரு பெண் மட்டும் பொறுமையாகக் கேட்டார். அவர்தான் மார்ச் மாதம் ஏரியா மேனேஜரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுத்தார். சனிக்கிழமை 11 மணி. ‘டிராலியையும் ஹிட்ச்சையும் நேரில் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும், கொண்டு வாருங்கள்’ என்று மெசேஜ். கொண்டு வருவது எதில்? வண்டிதான் உங்கள் ஷெட்டில் கிடக்கிறதே! பழைய ஜீப்பை என் மச்சானுக்கு 85 ஆயிரத்துக்குக் கொடுத்திருந்தேன். அவரிடமே நாள் வாடகைக்கு எடுத்து, மாட்டிக்கொண்டு, விடியற்காலை கிளம்பித் திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை போய்ச் சேர்ந்தேன். கேட்டில் செக்யூரிட்டி, “டிராலி உள்ளே வராது, கமர்ஷியல் வண்டிக்கு அனுமதியில்லை” என்று நிறுத்திவிட்டார். ரோட்டோரம் விட்டோம். 11 மணிக்கு மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம். மூன்றரைக்கு, சார் லீவு, செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். வெளியே வந்தால் ரோட்டில் நிறுத்தியதற்குப் போலீஸ் அபராதம் எழுதி முடித்திருந்தார்கள். 500 ரூபாய். 27 வருஷப் பழைய ஜீப் அதே 1,180 கிலோவை மதுரைக்கும் இழுத்துவிட்டுத் திரும்பவும் காரைக்குடி கொண்டுவந்து சேர்த்தது. அதன் கிளட்ச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஒரு நாளை மட்டும் நான் மறக்கவே மாட்டேன்.

ஏப்ரலில் எழுத்தில் வந்த உங்கள் பதிலில் மூன்று காரணம். ஒன்று, ஹிட்ச் அங்கீகாரமில்லாத வெளி உதிரிபாகம். வெளியா? உங்கள் டீலரின் கூரைக்குக் கீழே, உங்கள் சின்னம் அச்சடித்த பில்லில் வாங்கியது. இரண்டு, ஆஃப் கிளட்ச்சில், அதாவது கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி, ஓட்டியதால் தேய்மானம். தைப்பூசக் கூட்டத்துக்குள் வேறு எதில் ஐயா ஓட்டுவது? ஐந்தாவது கியரிலா? கொஞ்ச தூரம் அப்படி ஓட்டியது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கே கருகிப்போகும் என்றால் விற்கும்போது சொல்ல வேண்டாமா? மூன்று, வணிகப் பயன்பாடு. அன்று நான் போனது அன்னதானத்துக்கு. அப்படியே தொழிலுக்குப் போயிருந்தாலும், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவன் தன் உபயோகத்துக்கு வாங்கிய பொருள் வணிகக் கணக்கில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. உங்கள் வக்கீலைக் கேட்டுப் பாருங்கள்.

நஷ்டக் கணக்கு. கிளட்ச் 48,600. மச்சானுக்கு ஜீப் வாடகை நாளைக்கு 1,500 வீதம் இதுவரை 40 நாள். சொந்த மச்சான்தான், வாங்கிக்கொண்டார். மாசி, பங்குனி, சித்திரை மூன்றும் எங்கள் தொழிலுக்கு அறுவடை மாதங்கள், அதில் விட்டுப்போன ஆர்டர்கள். மூன்று தலைமுறையாகச் சம்பாதித்த பெயர் ஒரே இரவில் போய்விட்டது, பந்தலை இருட்டில் விட்டவன் என்று ஊரே பேசுகிறது. மொத்தம் 5 லட்சம் என்று வைத்திருக்கிறேன். 10 என்றும் சொல்லலாம். என் மனைவி எல்லாவற்றுக்கும் பில் காட்ட முடியுமா என்று கேட்கிறாள். அது வேறு விஷயம்.

தயவுசெய்து இதை நல்லபடியாக முடித்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். எனக்குக் கோர்ட்டுக்கு அலைய ஆசையில்லை. ஆனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது சிவகங்கையிலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. என் வண்டி விலைக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். மதுரைக்கு நாங்கள் அலைந்த பஸ் காசே அதைத் தாண்டிவிட்டது. இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, அவ்வளவு நாள் நான் பொறுக்க மாட்டேன். 15 நாள்.

இந்த 15 நாளுக்குள் கிளட்ச் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த அட்வைசர் வருத்தம் தெரிவிக்க வேண்டும், எழுத்தில் வேண்டாம், என் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னால் போதும். பிறகு அந்த எண். இந்த வண்டி எத்தனை கிலோ டிராலியை இழுக்கலாம், கொக்கியில் எத்தனை கிலோ உட்காரலாம், அப்போது உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று உங்கள் லெட்டர் பேடில், சீல் வைத்துக் கொடுங்கள். இழுக்கவே கூடாது என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதையும் எழுதி, வண்டியையும் ஹிட்ச்சையும் எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தந்துவிடுங்கள்.

ஹிட்ச் பில், எடை மேடை ரசீதின் போட்டோ, உங்கள் ஏப்ரல் கடிதம், போலீஸ் அபராதச் சீட்டு ஆகிய நாலின் நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரிஜினலைக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர் (இன்றைய தேதி வரை)

பி.கு.: கடிதத்தை முடித்து மடிக்கும்போது உங்கள் கால் சென்டரிலிருந்து போன். சர்வீஸ் அனுபவத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டார்கள். எனக்கு ஒரு எண் சொல்லுங்கள், உங்களுக்கு ஒரு எண் சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டார்கள்.