ஒற்றை நிற எச்சரிக்கையை ஏன் கைவிடுகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் செயற்கைக்கோள்களின் பாதுகாப்புக்காக நாங்கள் அனுப்பும் அன்றாட விண்வெளி வானிலை அறிக்கையின் தலைப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு நிறம் இருப்பதைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். வரும் மாதம் முதல் அந்த நிறம் இருக்காது. சூரியனிலிருந்து பாய்ந்து வரும் புரோட்டான்களுக்கு ஒன்று, பூமியைச் சூழ்ந்த வெளிக் கதிர்வீச்சுப் பட்டையின் உயர் ஆற்றல் எலக்ட்ரான்களுக்கு ஒன்று, செயற்கைக்கோளின் மேற்பரப்பில் மின்னேற்றம் உண்டாக்கும் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்களுக்கு ஒன்று என, உங்கள் சுற்றுப்பாதைக்கு ஏற்பக் கணிக்கப்பட்ட மூன்று தனித்தனி முன்னறிவிப்புகள் அந்த இடத்தில் வரும். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டிருந்த ஒன்றை ஏன் சிக்கலாக்குகிறீர்கள் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இந்த மூன்று ஆபத்துகளும் ஒரே நேரத்தில் வருவதில்லை, ஒரே அளவு அவகாசத்தையும் தருவதில்லை என்பதே எங்கள் பதில்.

முதலில் புரோட்டான்களை எடுத்துக்கொள்வோம். 'ஃப்ளேர்' எனப்படும் சூரிய வெடிப்பின் ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகிறது. 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுள்ள புரோட்டான் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுக்கு மேலான வேகத்தில் வருவதால், வளைந்த காந்தப்புலக் கோடுகளைப் பின்பற்றி வந்தாலும் அதற்குப் பிறகு வெகுநேரம் தாமதிப்பதில்லை. 2005 ஜனவரி 20 அன்று நிகழ்ந்த வெடிப்பின்போது முதல் புரோட்டான்கள் அரை மணி நேரத்துக்குள்ளாகவே பூமியை எட்டிவிட்டன. எனவே, வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய நாள் நாங்கள் தரும் புரோட்டான் முன்னறிவிப்பு, சூரியப் புள்ளிக் கூட்டத்தின் காந்தச் சிக்கலையும், அது சூரிய வட்டில் எங்கே இருக்கிறது என்பதையும் வைத்துச் சொல்லும் ஒரு நிகழ்தகவு மட்டுமே. சூரியனின் மேற்குப் பாதியிலிருந்து புறப்படும் புலக்கோடுகளே சுருளாக வளைந்து நம்மை வந்து சேர்வதால், அந்தப் பக்கத்துப் புள்ளிகளுக்குக் கூடுதல் கவனம் தருகிறோம். வெடிப்பு நிகழ்ந்த பிறகு எக்ஸ்-கதிர் அளவும் வானொலி அலை வெடிப்புகளும் கைகொடுக்கின்றன. மேலும், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் வரும் எலக்ட்ரான்கள் புரோட்டான்களை முந்திக்கொண்டு வருவதால், சூரியனை ஆராயும் சோஹோ ஆய்வுக்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒரு முறை, அதிகபட்சமாக ஒரு மணி நேரம் வரை முன்னெச்சரிக்கை தருகிறது. இதைவிட நீண்ட அவகாசத்தை உறுதியாகத் தருவோம் என்று யாராவது சொன்னால், எந்த அடிப்படையில் என்று கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்க விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையத்தின் எஸ்-1 முதல் எஸ்-5 வரையிலான அளவுகோல் நீங்கள் அறிந்ததே. ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. ஆனால் அந்த அளவுகோல் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட புரோட்டான்களை எண்ணுகிறது. அந்த எல்லையில் இருப்பவற்றை ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத அலுமினியத் தகடு நிறுத்திவிடும். கோளின் சூரிய மின்தகடுகளுக்குத்தான் அவற்றால் தேய்மானம். பெட்டிக்குள் இருக்கும் நினைவகச் சில்லில் ஒரு பிட் புரண்டுவிடுமா, சில்லே பூட்டிக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிப்பவை அதைவிடப் பல மடங்கு ஆற்றலுள்ள புரோட்டான்களும் கன அயனிகளும். ஆகவே 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட புரோட்டான்களின் பாய்வை (குறித்த பரப்பை நொடிக்கு எத்தனை துகள்கள் கடக்கின்றன என்ற அளவை) புதிய அறிக்கையில் தனியே தருகிறோம். தாழ்வான சுற்றுப்பாதையில் நிலநடுக்கோட்டை ஒட்டிச் செல்லும் செயற்கைக்கோள்களுக்கு பூமியின் காந்தப்புலமே பெரும்பாலும் காவல் நிற்பதால் அவற்றை இயக்குவோருக்கு இந்த வரி அநேகமாக வெறுமையாகவே இருக்கும். துருவங்களைக் கடந்து செல்லும் கோள்களை இயக்குவோருக்கும், பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிலைத்திருப்பதுபோல் சுற்றும் புவிநிலைப் பாதையில் கோள் வைத்திருப்போருக்கும் அப்படி இருக்காது. கதிர்வீச்சுப் பட்டை பூமிக்கு மிக அருகே இறங்கும் தென் அட்லாண்டிக் முரண்பகுதியின் புரோட்டான்கள் நாள்தோறும் இருப்பவை. ஹபிள் தொலைநோக்கி அங்கே கடக்கும்போதெல்லாம் நோக்குதலை நிறுத்திக்கொள்கிறது. அதற்கு வேண்டியது வரைபடம், முன்னறிவிப்பு அன்று.

இனி வெளிப் பட்டையின் எலக்ட்ரான்கள். புவிநிலைப் பாதையில் கோள் வைத்திருப்போர் இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கும் காந்தப் புயல் உச்சத்தில் இருக்கும்போது இந்த எலக்ட்ரான்களின் பாய்வு பெரும்பாலும் சரிந்துவிடுகிறது. புயல் தணிந்து ஓரிரு நாள்கள் கழித்தே அது ஏறத் தொடங்கி, முன்பிருந்ததைவிடப் பல மடங்காக உயர்ந்து, நாள்கணக்கில் அப்படியே நிற்கக்கூடும். 'புயல்தான் ஓய்ந்துவிட்டதே, இப்போது ஏன் சிவப்பு?' என்று எங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளுக்குக் காரணம் இதுவே. ஒற்றை நிறத்தால் இந்தத் தாமதத்தைக் காட்டவே முடியவில்லை. எல்லாப் புயலும் பட்டையைப் பெருக்குவதும் இல்லை: 1989 முதல் 2000 வரையிலான புயல்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பாதியில்தான் எலக்ட்ரான்கள் கூடின, ஐந்தில் ஒரு பங்கில் குறைந்தே போயின.

2 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் சில மில்லிமீட்டர் அலுமினியத்தைத் துளைத்து உள்ளே போய், கம்பியின் மின்காப்பு உறையிலோ மின்சுற்றுப் பலகையிலோ தங்கிவிடுகிறது. ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதைப் போல, ஒருபுறம் மின்னூட்டம் சேர, மறுபுறம் மெல்லக் கசிகிறது. சேர்வது கசிவை விஞ்சினால் ஒரு கட்டத்தில் மின்னிறக்கம் நிகழ்ந்து, அந்தத் துடிப்பைச் சுற்று ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்ளவும் கூடும். குளிர்ந்த நிலையில் கசிவு இன்னும் குறைவு. 1994 ஜனவரி 20 அன்று கனடாவின் அனிக் இ-1, இ-2 ஆகிய இரண்டு தகவல் தொடர்புக் கோள்களும் சில மணி நேர இடைவெளியில், எத்திசை நோக்கி நிற்பது என்பதற்கான கட்டுப்பாட்டை இழந்தது, இத்தகைய எலக்ட்ரான் பாய்வு பல நாள் உயர்ந்திருந்த பிறகுதான். அதனால் அந்தக் கணத்தின் பாய்வை மட்டும் தராமல், கடந்த 24 மணி நேரத்திலும் 72 மணி நேரத்திலும் சேர்ந்த மொத்தத்தையும், அடுத்த மூன்று நாள்களுக்கான கணிப்பையும் தருவோம். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றின் வேகத்தைக் கொண்டு இதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடியும். சூரியனின் வெளி வளிமண்டலத்தில் காந்தப்புலம் திறந்திருக்கும் பகுதிகளான கொரோனா துளைகளிலிருந்து வரும் வேகமான காற்று ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் அடுத்த சுற்றையும் குறித்து வைக்கலாம்.

சூரியனின் உச்சகாலம் கடந்துவிட்டதே, சந்தாவைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறோம். சூரியன் உச்சகாலத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஆனால் சூரியச் செயல்பாட்டுச் சுழற்சி இறங்குமுகமாகும் ஆண்டுகளில்தான் கொரோனா துளைகள் பெருகி இந்த எலக்ட்ரான்களும் மிகுதியாகின்றன. புரோட்டான் பிரிவை மட்டும் வேண்டுமானால் சில ஆண்டுகள் கழித்துக் குறைத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்துக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தாழ்வான சுற்றுப்பாதையில் நிலநடுக்கோட்டை ஒட்டிச் செல்லும் கோள்களை மட்டும் வைத்திருப்போருக்கு எலக்ட்ரான் பிரிவு தேவையில்லை என்றும் நாங்களே சொல்கிறோம்.

மேற்பரப்பு மின்னேற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பூமியின் காந்தப்புலத்தின் இரவுப் பக்கத்தில் தேங்கிய ஆற்றல் திடீரென விடுபடும் துணைப்புயலின்போது பூமியை நோக்கி உள்ளே வீசப்படும் எலக்ட்ரான்கள், கோள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட பகுதியில் இருக்கும்போதே பெரிதும் தாக்குகின்றன. 2010 ஏப்ரல் 5 அன்று கேலக்ஸி 15 என்ற தகவல் தொடர்புக் கோள் கட்டளைகளை ஏற்க மறுத்து, ஆனால் ஒலிபரப்பைத் தொடர்ந்தபடியே பாதையில் மிதந்து சென்றது. டிசம்பரில்தான் மீண்டும் கைக்கு வந்தது. அன்று கடும் துணைப்புயல் நிகழ்ந்தது உண்மை. இந்த ஆபத்துக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு: சூரியன் எறிந்த பிளாஸ்மா மேகத்தின் காந்தப்புலம் தெற்கு நோக்கியதா என்பது, பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்-1 புள்ளியின் ஆய்வுக்கலங்களை அது கடக்கும்போதே தெளிவாகிறது. அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோதான் ஆகும்.

கடைசியாக, வீண் எச்சரிக்கைகள் மிகுதி என்ற புகார். மென்பொருள் பதிவேற்றத்தை ஒரு நாள் தள்ளிவைப்பதால் உங்களுக்கு ஆகும் செலவு, தள்ளிவைக்காமல் இருந்து கோளுக்கு ஏதேனும் நேர்ந்தால் ஆகும் இழப்பில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிகழ்தகவு ஐந்து விழுக்காட்டைத் தாண்டியதுமே தள்ளிவைப்பதுதான் உங்களுக்கு இலாபம். அந்த எல்லையில் இருபது முறையில் பத்தொன்பது முறை ஒன்றும் நடக்காது. இதைத் தவறான முன்னறிவிப்பு என்று நாங்கள் கருதவில்லை. எல்லையை உயர்த்தினால் வீண் எச்சரிக்கைகள் குறையும், தவறவிடும் நிகழ்வுகள் கூடும். உயர் மின்னழுத்தக் கருவியை அணைத்து வைப்பதற்கும், உந்துபொறியை இயக்குவதைத் தள்ளிப்போடுவதற்கும், இரவுப் பணிக்குக் கூடுதலாக ஒருவரை அமர்த்துவதற்கும் செலவு வேறு வேறு. ஆகவே எல்லையும் வேறு வேறு. அதை எங்களால் உங்களுக்காக முடிவு செய்ய இயலாது. நிறத்தை விட்டு எண்ணுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு மாத இறுதியிலும் நாங்கள் சொன்ன நிகழ்தகவுகளையும் உண்மையில் அளக்கப்பட்டவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புவோம். உங்கள் பக்கத்திலிருந்து இரண்டு உதவிகள் வேண்டும். ஒவ்வொரு வகைச் செயல்பாட்டுக்கும் எந்த விழுக்காட்டில் உங்களுக்கு அழைப்பு வர வேண்டும் என்பதை இணைப்பிலுள்ள படிவத்தில் குறித்து அனுப்புங்கள். குறிப்பிடாதவர்களுக்குப் பத்து விழுக்காட்டிலிருந்து அழைப்போம். கோளில் ஏதேனும் கோளாறு நேர்ந்தால், உலகப் பொது நேரம், கோளின் உள்ளூர் நேரம், பாதிக்கப்பட்ட உறுப்பு, அப்போது பூமியின் நிழலில் இருந்ததா என்ற நான்கு விவரங்களை மட்டுமாவது அனுப்பி வையுங்கள். வணிக இரகசியம் கருதித் தயங்குவோர் கோளின் பெயரை விட்டுவிடலாம், தீர்க்கரேகை போதும்.

இப்படிக்கு,
முன்னறிவிப்புப் பிரிவு