எண்ணூர் மாணவியின் கேள்வி: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பன்னாட்டு உறவுகள் பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்னையில் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. கல்லூரி திறந்ததும் அந்தப் பக்கத்து மாணவி ஒருத்தி கையை விரித்துக் காட்டினாள். அப்பாவின் வலையை அலசிய கை. நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"சார், தேசியப் பாதுகாப்புன்னு ஒரு யூனிட் முழுக்க நடத்துறீங்க. எங்களுக்கு நடந்தது எந்த யூனிட்ல வரும்?"

கடைசி யூனிட்டின் கடைசித் தலைப்பான 'மனிதப் பாதுகாப்பு' என்பதில் வரும், ஐந்து மதிப்பெண்ணுக்கு. பிள்ளைகள் பொருளாதாரம், உணவு, உடல்நலம் என்று அதன் ஏழு வகைகளையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள்.

பாதுகாப்பு என்றாலே அரசின் பாதுகாப்பு என்று யதார்த்தவாதம் என்னும் பழைய கோட்பாடு சொல்லிவந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994 அறிக்கையில் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக் அதைத் திருப்பிப்போட்டார்: யாருடைய பாதுகாப்பு, அரசினுடையதா மனிதருடையதா? அதன்பின் எழுந்த சண்டைதான் பாடத்தின் உயிர். போர், வன்முறை பற்றிய அச்சத்திலிருந்து விடுதலையே முதல் என்றது கனடா. 1997 கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் அந்த வழியில் வந்தது. வறுமையிலிருந்தும் விடுதலை வேண்டும் என்றது ஜப்பான். அமர்த்தியா சென்னும் ஐ.நா. அகதிகள் ஆணையராக இருந்த சடாகோ ஒகாடாவும் தலைமையேற்ற மனிதப் பாதுகாப்பு ஆணையம் 2003-இல் அதை விரித்தெழுதியது. எல்லாமே பாதுகாப்பு என்றால் எதற்கு முன்னுரிமை என்று அரசியல் ஆய்வாளர் ரோலண்ட் பாரிஸ் கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றைப் 'பாதுகாப்புப் பிரச்சினை' என்று அறிவித்தாலே அவசர அதிகாரத்துக்குக் கதவு திறந்துவிடும் என்று 'கோபன்ஹேகன் பள்ளி' எனப்படும் பாதுகாப்புத் துறைச் சிந்தனையாளர்கள் காட்டியதும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆனாலும் நான் விரிந்த பார்வையின் பக்கம்தான். அந்தக் கையில் பிழைப்பு, உடல்நலம், சுற்றுச்சூழல் என்று தனித்தனியாக எதைப் பிரிப்பது?

பாக் நீரிணையைப் பாருங்கள். 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களோடு இந்தியா, இலங்கை இரு அரசுகளுக்கும் எல்லைக் கணக்கு முடிந்தது. ராமேசுவரத்தில், கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று வீடு விழித்திருக்கிறது. எதிர்க்கரையில், நம் இழுவைமடிப் படகுகள் அறுத்துப்போட்ட வலையோடு யாழ்ப்பாண மீனவர் நிற்கிறார். அரசை மட்டும் பார்க்கும் கோட்பாட்டில் இந்த இரண்டு வீடுகளுமே தெரிவதில்லை.

மனிதப் பாதுகாப்புக்கு ஒரு முழு யூனிட் ஒதுக்குங்கள். அதைப் பாக் நீரிணையிலிருந்து தொடங்குங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். அவர்களுக்கான பாடக்குறிப்புகளைத் தமிழில் எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் பாடத்தை நடத்தும் ஓர் ஆசிரியர்
சென்னை