ஐப்பசிக்குள் தானியக் கிடங்கு நிரம்ப வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

2021 நவம்பர் மழையைக் குடியாத்தம் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மோர்தானா அணை வழிந்து, கவுண்டன்யா ஆற்றங்கரைத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. அதே மாதம் 19ஆம் தேதி பேரணாம்பட்டில் வீடு இடிந்து விழுந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். ஆந்திர மலைப்பக்கம் மழை பெய்தாலும் தண்ணீர் நம் வாசலுக்குத்தான் வருகிறது. வானத்தைப் பார்த்து ஊகிக்கிற வேலை இங்கே பலிக்காது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பிரிவு அரக்கோணத்திலேயே இருக்கிறது. கல்யாண மண்டபங்களில் சாப்பாடும் போடுகிறார்கள். மண்டபத்துக்கு வராத வீடுகள்தான் எங்கள் கவலை. மாட்டை விட்டு வரமாட்டேன் என்பவர்கள், நடக்க முடியாத பாட்டிகள், தறிக்குழியில் தண்ணீர் நின்று நெசவு நின்றுபோன குடும்பங்கள். பீடி, தீப்பெட்டி வேலைக்காரர்களுக்கும் அடைமழை என்றால் கூலி கிடையாது. வீடு நனையாவிட்டாலும் அடுப்பு அணைந்துவிடுகிறது.

மழை இல்லாத நாளில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு ரேஷன் தானியம் சட்டப்படியான உரிமை. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே எல்லா வீட்டுக்கும் அரிசி உண்டு. வயிறு நிறைகிறது, தட்டில் வெறும் சோறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் 25 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். நாலு பிள்ளைகளில் ஒன்று என்று எண்ணிப் பாருங்கள். 15 முதல் 49 வயது வரையுள்ள நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை.

வெள்ளம், சத்துக்குறைவு இரண்டுக்கும் சேர்த்து ஒரே தானியக் கிடங்கு வைக்கலாம் என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. ஐப்பசி பிறக்கும் முன் கிடங்கு நிறைந்திருக்கும். மழைக்காலம் தாண்டி மிஞ்சுகிற கேழ்வரகையும் மல்லாட்டையையும் (வேர்க்கடலை) தை முதல் சத்துமாவாகவும் உருண்டையாகவும் செய்து கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்போம். ஆவணி, புரட்டாசியில் மறுபடி வாங்கி நிரப்புவோம். தானியம் வண்டு விழுந்து கிடக்காது. பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

அரிசியைவிடக் கேழ்வரகு அதிகம் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகக் காயவைத்தால் பூச்சி அண்டாமல் வருஷக்கணக்கில் நிற்கும் தானியம் அது. மாவாக்கிவிட்டால் சில வாரம்தான். வெள்ளத்தில் கரண்ட் போனால் மில்லும் ஓடாது என்பதால் இரண்டு திருகைக் கல் வாங்குகிறோம். கைப்பழக்கம் உள்ள பெரியம்மாக்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், இளசுகளுக்கும் சொல்லித் தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் அடுப்பே மூட்ட முடியாத முதல் நாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம்.

ஒரு குடும்பத்துக்கு 3 நாளுக்கான பை 600 ரூபாய் ஆகிறது. மேலே சொன்னவற்றோடு அரிசி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், குளோரின் மாத்திரை, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி அதில் இருக்கும். 400 வீடுகளுக்கு 2,40,000 ரூபாய். ஊராட்சி கொடுத்த பழைய கட்டடத்தின் தரையை ஒரு முழம் உயர்த்தவும், மூடி போட்ட டிரம்கள், திருகைகள் வாங்கவும் 1,60,000. மொத்தம் 4 லட்சம்.

பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பை ஏற்றுக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். விவசாயிகள் தானியமாகவே தரலாம். காய்ந்ததாக இருக்கட்டும், மாவாக வேண்டாம். பழைய துணி மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள், போன வெள்ளத்தில் வந்த மூட்டைகளைப் பிரித்து மாளவில்லை.

பணமோ தானியமோ, ஊராட்சி அலுவலகத்தில் ஞாயிறு காலை பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதாமாதம் கிடங்குச் சுவரில் ஒட்டப்படும். புரட்டாசி முடிவதற்குள் தந்தால் விலை ஏறும் முன் வாங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
கிடங்குக் குழுவினர்